ஆலிவின் கசப்பு எங்கே போகிறது? மெசீனியாவில் ஒரு கனியின் வேதியியல்

கிரேக்கத்தின் பெலொப்பொனீஸ் தீபகற்பத்தில் தென்மேற்கு மூலையில் இருக்கிறது மெசீனியா. நவம்பரில் அங்கே எந்தச் சாலையில் போனாலும் மரத்தடியில் விரித்த வலைகளும் அதில் உதிர்ந்த ஆலிவ்களும் கண்ணில் படும். கறுத்துப் பழுத்த ஒன்றை எடுத்து வாயில் போட்டால் உடனே துப்ப வேண்டியதுதான், அவ்வளவு கசப்பு. ஒலியூரோபின் என்ற ஃபீனால் வகைச் சேர்மம்தான் காரணம். பூச்சிகளையும் நுண்ணுயிர்களையும் எதிர்க்க மரம் தன் இலையிலும் காயிலும் சேர்த்து வைப்பது அது. ஆனால் அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் அவ்வளவாகக் கரையாது. இந்த ஒரு குணத்தைத் தெரிந்துகொண்டால் மெசீனியாவின் சமையலறையும் எண்ணெய் ஆலையும் நன்றாகப் புரியும்.

முதலில் ஊறுகாய். மெசீனியாவின் தலைநகரான கலமாட்டாவின் பெயரைத் தாங்கிய ஆலிவ், ஊதா கலந்த கறுப்பு நிறத்தில், நுனி கூர்மையாக இருக்கும். ஒவ்வொரு காயிலும் நீளவாக்கில் ஒன்றிரண்டு கீறல் போடுகிறார்கள். கீறல் சதை வரை போனால் போதும். கொட்டையைத் தொடும்வரை ஆழமாக வெட்டினால் ஊறும்போது சதை குழைந்துவிடும். கீறாமலே போட்டாலோ, தோலின் மெழுகுப் படலம் தண்ணீரை உள்ளே விடாது. சில நாளில் முடிய வேண்டிய வேலை மாதக்கணக்கில் இழுக்கும்.

கீறிய காய்களைச் சாதாரணத் தண்ணீரில் மூழ்க வைத்து, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கசப்பு வெளியேறும் வேகம் குறையும். காய்க்குள்ளும் வெளியிலும் செறிவு சமமாகிவிட்டால் அப்புறம் எதுவும் நகராது. ஒரு வாரம் முதல் பத்து நாள் கழித்துக் கடித்துப் பார்க்கலாம். லேசான கசப்பு மிஞ்சியிருக்கும்போதே நிறுத்துவது நல்லது, முழுக்கப் போக்கினால் சுவையும் போய்விடும்.

பிறகு உப்புநீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல்லுப்பு. காய்கள் மிதக்காமல் இருக்க மேலே ஒரு தட்டை வைத்து அழுத்த வேண்டும், மேலே தலை நீட்டும் காயில்தான் பூசணம் முதலில் பிடிக்கும். உப்பு குறைந்தால் வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகிச் சதையைக் கூழாக்கும். கூடினால் காய் சுருங்கும். சில வாரம் உப்பில் ஊறியதும் சிவப்பு ஒயின் வினிகரில் ஓர் இரவு போட்டு எடுத்து, ஜாடியில் உப்புநீரும் கொஞ்சம் வினிகரும் ஊற்றி, மேலே விரல் உயரத்துக்கு ஆலிவ் எண்ணெய் விடுகிறார்கள். எண்ணெய்ப் படலம் காற்றைத் தடுக்கும். வினிகர் சுவைக்கு மட்டுமல்ல: கலமாட்டாவின் ஊதா, ஆந்தோசயனின் என்ற நிறமி தரும் நிறம். அமிலத்தில் அது நிற்கும், அமிலம் குறைந்தால் மங்கி மண் நிறமாகும்.

எண்ணெய்க்கு வேறு ரகம்: கொரோனி ஊரின் பெயர் கொண்ட கொரொனேய்கி. ஒரு காய் சுமார் ஒரு கிராம்தான், ஆனால் எண்ணெய்ச் சத்து அதிகம். ஏறக்குறைய ஐந்து கிலோ காய்க்கு ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும். காயை அரைத்த கூழை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் மெதுவாகப் பிசைந்தால் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். அதன்பின் மையவிலக்குச் சுழலி எண்ணெயைப் பிரிக்கும். கூழைச் சூடாக்கினால் எண்ணெய் கூடுதலாக வரும், மணம் பறந்துவிடும். ஐரோப்பிய விதிப்படி 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் ‘குளிர்முறையில் எடுத்தது’ என்று எழுத முடியாது. பறித்த காயைச் சாக்கில் நாள்கணக்கில் குவித்து வைப்பதுதான் பெரிய கேடு. நசுங்கிய காய்கள் சூடேறிப் புளித்து, எண்ணெயில் அமிலத்தை ஏற்றிவிடும்.

அரைக்கும்போது காயின் நொதிகள் கசப்புச் சேர்மங்களிலிருந்து சர்க்கரைப் பகுதியை வெட்டிவிடுகின்றன. மிஞ்சும் துண்டுகளில் கொஞ்சம் எண்ணெயோடு போகும். அவற்றில் ஒன்றான ஒலியோகாந்தல், ஐபுபுரோஃபன் மாத்திரை தடுக்கும் அதே நொதிகளைத் தடுக்கிறது என்று 2005ல் கண்டறிந்தார்கள். அதை உணரும் ஏற்பிகள் தொண்டையில்தான் செறிந்திருக்கின்றன. அதனால்தான் புது எண்ணெய் நாக்கை விட்டுவிட்டுத் தொண்டையில் காறும், இருமல் வரும். அந்தக் காறல் நல்ல எண்ணெயின் அடையாளம், குறை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

எண்ணெயைக் கையாளும் இந்த அறிவு மெசீனியாவுக்குப் புதிதல்ல. இன்றைய பைலோஸ் ஊருக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டரில் வெண்கலக் காலத்து நெஸ்டர் அரண்மனையின் இடிபாடுகள் இருக்கின்றன. 1939ல் தொல்லியல் ஆய்வாளர் கார்ல் பிளேகன் அங்கே ஓர் ஆலிவ் தோப்பில் தோண்டியபோது முதல் நாளிலேயே களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் இருந்த லீனியர் பி என்ற பழங்கிரேக்க எழுத்தை 1952ல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டினார். ஒரு பலகை, தைலம் காய்ச்சும் தியெஸ்டெஸ் என்பவருக்குக் கொடுத்த சரக்குகளின் கணக்கு: கொத்தமல்லியும் கோரைக்கிழங்கும் சம அளவில், கூடவே ஒயின், தேன். கோரைக்கிழங்கு வாசனைக்கு மட்டும் சேர்த்ததல்ல. துவர்ப்புப் பொருளோடு முதலில் காய்ச்சிய எண்ணெய் பின்னால் போடும் நறுமணத்தை நன்றாக ஏற்கும் என்பது பழங்கால முறை. பாத்திரம் நேரடியாக நெருப்பில் படாமல் தண்ணீருக்குள் இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் எழுதினார். வெப்பம் மீறினால் மணம் கெடும் என்பது ஆலையின் 27 டிகிரிக்கும் பொருந்தும் அறிவு.

கி.மு. 1180 வாக்கில் அரண்மனை எரிந்தது. அரியணைக் கூடத்துக்குப் பின்னால் இருந்த கிடங்குகளில் ஆலிவ் எண்ணெய்ச் சாடிகள். ஆலிவ் எண்ணெய் எளிதில் பற்றாது, 200 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். மர உத்தரங்கள் எரிந்து அந்தச் சூட்டைக் கொடுத்தபின் அடங்காத தீ. சுண்ணாம்புக்கல் நீறாகும் அளவுக்கு வெப்பம் ஏறியது. களிமண் பலகைகளை யாரும் சூளையில் வைப்பதில்லை, உலர்த்தி வைத்துப் பிறகு கரைத்து மறுபடி பயன்படுத்துவார்கள். அன்றைய தீயில் அவை வெந்து ஓடாகின. ஆகவே நமக்குக் கிடைத்திருப்பது அரண்மனையின் கடைசிக் காலத்துக் கணக்கு மட்டும்.

கசப்பின் பெரும்பகுதி எங்கே? ஆலையின் கழிவுநீரிலும் சக்கையிலும். காயைக் காத்த அதே ஃபீனால்கள், கறுப்பு நீராக ஓடையில் கலந்தால் மீனையும் மண்ணின் நுண்ணுயிர்களையும் தாக்கும். தண்ணீர் மிகக் குறைவாகச் சேர்த்துச் சுழற்றும் இருகட்டச் சுழலிகள் கழிவுநீரை வெகுவாகக் குறைக்கின்றன, ஆனால் ஈரமான சக்கையைக் கையாளும் வேலை கூடுகிறது. இது பைலோஸ் அருகே உள்ள யாலோவா உப்பங்கழியை நினைத்தால் சின்ன விஷயமல்ல. ஐரோப்பாவில் ஆப்பிரிக்கப் பச்சோந்தி வாழும் ஒரே பகுதி அதுதான். பெண் பச்சோந்திகள் இலையுதிர் காலத்தில் அங்குள்ள மணல்மேடுகளில் குழி தோண்டி முட்டையிடுகின்றன, குஞ்சுகள் அடுத்த ஆண்டு வெளிவரும். உப்பங்கழியை ஒட்டி அரைவட்டமாக வளைந்த வொய்டோகிலியா கடற்கரைக்குப் போகிறவர்கள் எந்த மாதமானாலும் குறித்த பாதையை விட்டு மணல்மேட்டில் ஏறக் கூடாது.