மலை கிட்ட வந்த நாள்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "குடும்பத்தோடு காட்டுக்குள் நடந்து, மலை உச்சியில் ஒரு கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறினோம். காலடியில் இருந்த மரமெல்லாம் பச்சை. எதிரே இருந்த மலை நீலம். அதற்குப் பின்னால் இருந்தது வெளிர் நீலம். அதற்கும் பின்னால் பென்சிலால் கிழித்த கோடு மாதிரி ஒன்று. எல்லா மலையிலும் அதே மரம்தானே, பச்சை எங்கே போயிற்று?"

இந்தக் கேள்வியைப் படித்ததும் போன ஐப்பசியில் ஜவ்வாது மலைக்குப் போன நாள் ஞாபகம் வந்தது. ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறி, காவலூர் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, வனத்துறை அனுமதியோடு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நடை. குழந்தைகளும் நடக்கக்கூடிய பாதைதான். கூட வழிகாட்ட வந்தவர் மலையூர்ப் பெரியவர். முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. கோபுரத்தின் இரும்புப் படிகளில் இன்னும் ஈரம் இருந்தது. மேலே ஏறி மேற்கே பார்த்ததும் அவர் சொன்னார்: "இன்னிக்கி ஏலகிரி கிட்ட வந்துகீது சார்."

உண்மையிலேயே வந்திருந்தது. ஏலகிரியின் சரிவில் ஒவ்வொரு மடிப்பும், பாறை எங்கே முடிந்து காடு எங்கே தொடங்குகிறது என்பதும் தனித்தனியாகத் தெரிந்தது. அதே கோபுரத்தில் சித்திரையில் ஒருமுறை நின்றிருக்கிறேன். அன்று ஏலகிரி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூசினது போல ஒரு மங்கல், அவ்வளவுதான்.

பூமி உருண்டை, அதனால் பார்வைக்கு எல்லை உண்டு என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். சமவெளிக்கு மேலே 500 மீட்டரில் நின்றால் சுமார் 80 கிலோமீட்டர். காவலூர்ப் பக்கத்திலிருந்து ஏலகிரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். ஆகவே நம் பார்வையை மறிப்பது பூமியின் வளைவு இல்லை. நடுவில் இருக்கிற காற்றுதான்.

காற்று மறிக்கிறது என்றால் நமக்கு உடனே திரை ஞாபகம் வருகிறது. ஆனால் காற்று ஒரு விளக்கும்கூட. இதுதான் எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத விஷயம். நமக்கும் ஏலகிரிக்கும் நடுவில் உள்ள அந்த 20 கிலோமீட்டர் காற்றின் மேல் வெயில் அடிக்கிறது. அதில் ஒரு பகுதியை மூலக்கூறுகளும் தூசும் நாலா பக்கமும் சிதறடிக்கின்றன. சிதறுவதில் கொஞ்சம் நம் கண்ணை நோக்கியும் வருகிறது. நாம் மலையைப் பார்க்கும்போது, மலைக்கு முன்னால் நின்று ஒளிர்கிற காற்றையும் சேர்த்தே பார்க்கிறோம்.

அந்தக் காற்றை நாலு துண்டாக வெட்டிக்கொள்வோம், துண்டுக்கு 5 கிலோமீட்டர். ஒவ்வொரு துண்டும் தன் வழியே வருகிற ஒளியில் கால் பங்கை வழியிலேயே சிதறடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலகிரியிலிருந்து 100 பங்கு ஒளி கிளம்பினால், முதல் துண்டைத் தாண்டும்போது 75, அப்புறம் 56, அப்புறம் 42, நம்மிடம் வந்து சேரும்போது 32. மீதி 68 பங்கு இடம் காலியாக இருக்காது. வழியில் உள்ள காற்றின் சொந்த ஒளி அதை நிரப்பிவிடும். அதாவது நாம் "மலை" என்று பார்ப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் மலை, மற்றதெல்லாம் காற்று.

மழை பெய்து தூசெல்லாம் அடங்கின மறுநாள், ஒரு துண்டு பத்தில் ஒரு பங்கைத்தான் இழக்கிறது என்று வையுங்கள். நாலு துண்டு தாண்டியும் 66 பங்கு மிஞ்சும். சித்திரைப் புழுதியில் துண்டுக்குப் பாதி போனால்? 50, 25, 12, கடைசியில் 6. ஒரு பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 2 சதவீதத்துக்குக் கீழே போனால் கண்ணுக்குத் தெரியாது என்று, பார்வைத் தூரத்தைக் கணக்கிடுபவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். 6 என்பது அந்த விளிம்புக்குப் பக்கம். மலை அங்கேயேதான் இருக்கும், காற்றின் ஒளியில் மூழ்கிப் போயிருக்கும்.

சரி, ஏன் நீலம்? ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் காற்று மூலக்கூறு ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியது. இவ்வளவு சிறிய பொருள், குறுகிய அலையைத்தான் அதிகமாகச் சிதறடிக்கும். 1871-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நாலு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. அதனால் வழியில் சேருகிற காற்றொளி நீலம் தூக்கலாக இருக்கிறது. காடு மூடிய மலையோ இருண்ட பொருள். இலைகள் தம்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. கரும்பலகையில் நீலச் சாக்பீஸ் எடுப்பாகத் தெரிவதுபோல, இருண்ட மலைக்கு முன்னால் இந்த நீலம் எடுபடுகிறது. வாசகி தேடின பச்சை 20 கிலோமீட்டர் நீலத்துக்கு அடியில் இருக்கிறது.

இன்னும் தொலைவில் உள்ள மலை ஏன் வெளுக்கிறது? தூரத்துத் துண்டுகள் அனுப்புகிற நீலத்தைப் பக்கத்துத் துண்டுகள் மறுபடி சிதறடித்துவிடும். சிவப்பு அவ்வளவு எளிதாகச் சிதறாது, அதனால் அதிகத் துண்டுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வரும். போதுமான தூரம் போனால் எல்லா நிறமும் ஏறக்குறைய சமமாகிவிடும். சமமானால் வெள்ளை. தொடுவானம் வெளுத்திருப்பதற்கும் இதே காரணம்தான்.

துகளின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதை ஆலங்காயத்தில் டீ குடிக்கும்போதே பார்த்துவிட்டேன். பெஞ்சில் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கடையின் இருண்ட உள்பக்கம். பீடியின் நுனியிலிருந்து எழுந்த புகை நல்ல நீலம். அவர் வாயிலிருந்து ஊதினது வெள்ளை. ஒரே புகைதான். ஆனால் வாய்க்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போய் வரும்போது ஈரம் ஏறித் துகள் பருத்துவிடுகிறது. பருத்த துகள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். ஈரப்பதம் கூடின விடியற்காலையில் மலைகள் வெள்ளையாக மங்கியிருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. வெயில் ஏறி ஒன்பது மணி ஆகட்டும், அப்புறம் பாருங்கள். மதியத்துக்கு மேல் மேற்கே பார்க்காதீர்கள். பெரிய தூசுகள் ஒளியை முன்பக்கமாகவே அதிகம் தள்ளும். சூரியன் ஏலகிரிக்குப் பின்னால் போய்விட்டால் நடுவில் உள்ள தூசு முழுக்க நம் முகத்தில் அடிக்கும்.

போலராய்டு கண்ணாடி இருந்தால் எடுத்துப் போங்கள். காலையில் சூரியன் கிழக்கே இருக்கும்போது வடக்கே ஆம்பூர்ப் பக்கத்து மலைகளைப் பார்த்து, கண்ணாடியை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் மங்கல் விலகி மலை கறுத்து முன்னால் வரும். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் காற்றொளி பெருமளவு ஒரே தளத்தில் அதிர்வதால் அதை வடிகட்ட முடிகிறது. சி.வி. ராமன் 1921-இல் கப்பலில் வந்தபோது, இதே உத்தியில்தான் ஒளியை இப்படி வடிகட்டுகிற நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கொண்டு வானத்தின் பிரதிபலிப்பை நீக்கிவிட்டுக் கடலின் சொந்த நீலத்தைப் பார்த்தார்.

பெரியவர் சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் மூளை, மங்கலாகத் தெரிவதைத் தூரம் என்றும் தெளிவாகத் தெரிவதைப் பக்கம் என்றும் எடுத்துக்கொள்கிறது. காற்று சுத்தமானால் மலை கிட்ட வருவது அந்தக் கண்ணுக்கு உண்மை. அவர் பல வருஷமாகப் பார்த்துத் தெரிந்துகொண்ட அளவீடு அது. அதையே "சாமி மலையை நகர்த்திவிட்டது, பரிகாரம் செய்" என்று சொல்லிக் காசு கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும்.

அந்தக் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நாம் ரசிக்கிற இந்தக் காற்றொளி தொந்தரவு. 30 டிகிரி உயரத்தில் உள்ள நட்சத்திரத்தின் ஒளி, உச்சியில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அதில் எவ்வளவு தொலைந்தது என்று அளந்து கூட்டிக்கொண்டால்தான் நட்சத்திரத்தின் பிரகாசம் கிடைக்கும். சுற்றியுள்ள ஊர்களின் விளக்கு வெளிச்சமும் அதே தூசில் பட்டுச் சிதறித்தான் அவர்கள் வானத்தைக் கெடுக்கிறது. பெரிய கருவி வாங்கப் பணம் கேட்டால் எப்போதாவது கிடைத்துவிடும். ஆனால் தினமும் காற்றை அளந்து முப்பது வருஷம் எழுதி வைக்கிற சலிப்பான வேலைக்கு யாரும் பணம் தர விரும்புவதில்லை. பழைய வட ஆற்காட்டில் மலை தெரியாத பள்ளிக்கூடம் குறைவு. தினம் காலை பத்து மணிக்கு எந்தெந்த மலை தெரிகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மலைகளின் தூரம் வரைபடத்தில் இருக்கிறது. மாசுக் கணக்குக்கு அதுவே நல்ல தொடக்கம்.

கோபுரத்திலிருந்து இறங்கும் முன் பெரியவரிடம், கோடையில் காட்டுத் தீயை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். எதிர்மலையைக் கையால் காட்டினார். "மலைமேல பாத்தா பொக நீலமா தெரியும் சார். மலைய தாண்டி மேல ஏறிச்சினா பழுப்பாயிடும். ரெண்டும் ஒரே பொகதான்." இருண்ட காட்டுக்கு முன்னால் புகை சிதறடிக்கிற நீலம் தெரிகிறது. வெளிச்சமான வானத்துக்கு முன்னால், நீலம் கழிந்து ஊடுருவி வந்த மிச்சம் தெரிகிறது. இயற்பியலாளர் டின்டல் 1869-இல் சோதனைச் சாலைக் குழாய்க்குள் மங்கலான மேகங்களை உண்டாக்கி ஆராய்ந்தது இந்த நீலத்தைத்தான்.