நீதிக்குத் தமிழ் எது? முறை, நயன், சமன்

சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரில் இருப்பது நீதி. அங்கே தாக்கலாகும் மேல்முறையீட்டில் இருப்பது முறை. ஒன்று வடமொழி வழி வந்தது, மற்றது தமிழ். இரண்டும் ஒரே வளாகத்தில் அன்றாடம் புழங்குகின்றன.

‘நீதி’யின் வேர் ‘நீ’ என்னும் வடமொழி வினையடி. நடத்திச் செல்லுதல் என்பது அதன் பொருள். ஆகவே நீதி என்பது முதலில் நடத்தை நெறியையும் ஆளும் வழியையும்தான் குறித்தது. இந்தியில் இன்றும் நீதி என்றால் கொள்கை, ராஜநீதி என்றால் அரசியல். நாம் நீதி என்பதை அவர்கள் ‘நியாய்’ என்கிறார்கள். தமிழில் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. நீதி வழக்குமன்றத்துக்குப் போனது. நியாயம் தெருவுக்கு வந்தது. “நியாயமா ஒரு ரேட்டு சொல்லுங்கண்ணே” என்று ஆட்டோக்காரரிடம் கேட்கிறோம். அரிசி வாங்கப் போவது நியாய விலைக் கடைக்கு. பழைய ‘நெறி’ப் பொருள் ‘நீதி நூல்’ போன்ற தொடர்களில் தங்கிவிட்டது.

தமிழில் இதற்கு நிகரான சொல் முறை. வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தை அதற்கு இலக்கணம் சொல்லித்தான் தொடங்குகிறார்:

ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும்
தேர்ந்துசெய் வஃதே முறை (541)

குற்றத்தை ஆராய்ந்து, யாரிடத்தும் தாட்சண்யம் காட்டாமல், நடுவு நின்று, தக்கதைத் தேர்ந்து செய்வது முறை. அநீதி கண்டவர் “முறையோ!” என்று கூவினர். முறையிடுதல், முறையீடு, முறைகேடு எல்லாம் அந்தக் குடும்பம். வரிசையில் நிற்பவர் “இது என் முறை” என்பதும், உறவினரைப் பார்த்து “இவர் உங்களுக்கு என்ன முறை?” என்று கேட்பதும் இதே சொல்லால்தான். ஒவ்வொருவருக்கும் உரிய இடம் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது.

அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. உரிய இடத்தைத் தீர்மானிப்பவர் யார்? வழிவழி வந்த வழக்கத்துக்கும் முறை என்றே பெயர். கிணற்றில் நீர் எடுக்கக் கூடாது, கோயிலுக்குள் வரக் கூடாது என்று தடுத்தவர்கள் அதையும் முறை என்றே சொன்னார்கள். அந்த முறையை மாற்றக் கேட்டதுதான் சமூக நீதி. ஆகவே ‘சமூக முறை’ என்று அதை மொழிபெயர்க்க முடியாது, பொருள் தலைகீழாகிவிடும்.

சமூக நீதி என்ற கருத்துத் தொடர் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. சென்னையில் அதற்குத் தனி வரலாறு உண்டு. 1916 நவம்பரில் இங்கே தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம் அடுத்த ஆண்டே ஜஸ்டிஸ் என்ற ஆங்கில நாளேட்டைத் தொடங்கியது. ஏட்டின் பெயரே கட்சிக்கும் நிலைத்து, நீதிக்கட்சி ஆயிற்று. அரசு வேலைகளைச் சாதி, மத வகுப்புகளுக்குப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை அதன் ஆட்சியில் 1921இல் பிறந்தாலும், 1928இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்த ஆணை செல்லாது என்றது. அந்த ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) என்ற உட்பிரிவு சேர்ந்தது. எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவது நீதியா, பின்தங்க வைக்கப்பட்டவரைக் கைதூக்கி விடுவது நீதியா என்ற கேள்வி அப்போது நாடு முழுவதற்கும் உரியதாயிற்று.

இந்தக் கேள்விக்கு எனக்கு வெளிச்சம் தரும் தமிழ் ஒன்று உண்டு:

சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால்
கோடாமை சான்றோர்க் கணி (118)

துலாக்கோல் முன்னே தான் சமனாக நின்று, பின்னரே தன்மேல் வைத்ததை நிறுக்கும் என்று பரிமேலழகர் விரிக்கிறார். வள்ளுவர் பேசுவது சான்றோரின் மனநிலையை. அதைச் சமூகத்துக்கும் நீட்டலாம் என்பது என் வாசிப்பு. தட்டு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், கண்ணோடாமல் நிறுத்தாலும் எடை தவறும். 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது சமன்செய்யும் வேலை. பசியோடு வந்த பிள்ளையையும் வயிறு நிறைந்த பிள்ளையையும் ஒரே தேர்வில் நிறுப்பதற்கு முன்னால் அது தேவைப்பட்டது.

அமெரிக்க மெய்யியலர் ஜான் ரால்ஸ் 1971இல் சொன்னதும் இதற்கு அருகில் வரும். எந்தக் குடும்பத்தில், எந்த நிலையில் பிறப்போம் என்று தெரியாமல் சமூக விதிகளை வகுக்க வேண்டியிருந்தால் எதற்கு ஒப்புவோம் என்று கேட்டார். பொருளிலும் பதவியிலும் ஏற்றத்தாழ்வு இருந்தே ஆக வேண்டுமானால், கடைநிலையில் இருப்பவருக்கு அது அதிக நன்மை தர வேண்டும் என்பது அவர் விடையின் ஒரு பகுதி. சாதியைச் சொல்லி இடம் ஒதுக்கப்பட்ட ஊரில் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம்.

இனிச் சொல்லாட்சி. தனித்தமிழ் எழுதுவோர் சமூக நீதியைக் ‘குமுக நயன்மை’ என்கிறார்கள். குறளில் வரும் ‘நயன்’ என்பதற்கு நீதி என்று உரை உண்டு, நல்ல ஆக்கம்தான். ஆனாலும், மேடையிலும் அரசாணையிலும் போராடி வேர்பிடித்த ‘சமூக நீதி’யை மாற்ற வேண்டியதில்லை என்பேன். வழக்கு, விசாரணை பற்றி எழுதும்போது முறை, முறையீடு, முறைகேடு தாராளமாக வரட்டும். ஒருபால் சாயாமைக்கு நடுவுநிலைமை. ஏற்றத்தாழ்வைக் களையும் செயலுக்குச் ‘சமன்செய்தல்’ பொருந்தும். பங்கீட்டைப் பேசும் இடத்தில் ‘இயற்றலும் ஈட்டலும்’ குறளின் ‘வகுத்தல்’ இருக்கிறது. ‘விநியோக நீதி’ என்று எழுதுவதைவிட ‘வகுத்தல் நீதி’ எளிதில் புரியும்.