மண்ணை விட்டுப் போகும் தண்ணீர்

"சூளை எங்கே மாமா?"

சென்னையில் செராமிக், அதாவது மண்பாண்டக் கலை படிக்கும் என் அக்கா மகள், பொங்கல் விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருந்தாள். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை முழுக்கச் சூளையைத் தேடினாள். அங்கே சூளையே கிடையாது.

கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ அச்சுக்குள் வண்ண சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே ஈரக் கலவை நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறல். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரைக் குடித்து, புதுப் படிகங்களாக வளர்ந்து இறுகுகிறது. நம் வீட்டுத் தரையின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

களிமண் இதற்கு நேர் எதிர். தண்ணீரை இழந்தால்தான் அது கல்லாகும். அவள் கல்லூரி ஸ்டுடியோவைப் பற்றிச் சொல்லச் சொல்ல எனக்குப் பிடிபட்டது இதுதான்: அங்கே பாதி வசதிகள் மண்ணிலிருந்து தண்ணீரைப் பதமாக வெளியே அனுப்புவதற்கானவை.

களிமண் துகள்கள் நுண்ணிய தட்டுகள். இடையில் உள்ள நீர்ப்படலத்தால்தான் அவை வழுக்கி நகர்கின்றன, சக்கரத்தில் பானை எழும்புகிறது. நீர் போகப் போகத் தட்டுகள் நெருங்கும், பானை சுருங்கும். விளிம்பு காய்ந்து அடிப்பாகம் ஈரமாகவே இருந்தால், ஒரு பக்கம் மட்டும் சுருங்கி விரிசல் விடும். எங்கள் சித்திரை வெயிலில் வைத்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் ஸ்டுடியோவில் ஈரம் காக்கும் அலமாரியும் பாலித்தீன் போர்வையும். குழைந்த மண்ணின் நீரை உறிஞ்சப் பிளாஸ்டர் பலகையும் உண்டு.

காய்ந்த மண்ணுக்கு இன்னொரு ஆபத்து உண்டு, தூசி. அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற மணல் கனிமத்தின் நுண்துகள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், அது குணமாகாத நோய். ஸ்டுடியோவில் துடைப்பம் போட்டுக் கூட்டக்கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். விலை உயர்ந்த எந்தக் கருவியையும்விட இந்தப் பழக்கத்தைப் பெரிதாக நினைக்கிறேன். மண் வேலை நடக்கும் எல்லாப் பட்டறைக்கும் இது வந்தாக வேண்டும்.

சரி, சூளைக்கு வருவோம். தொட்டால் உலர்ந்ததாகத் தெரியும் பானைக்குள்ளும் ஈரம் இருக்கும். 100 டிகிரி செல்சியஸில் அது ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரியும். அவசரமாகச் சூடேற்றினால் பானை வெடித்து, பக்கத்தில் இருப்பவற்றையும் உடைக்கும். ஆகவே முதல் சில மணி நேரம் வெறும் இளஞ்சூடுதான்.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத தண்ணீர். களிமண்ணின் முக்கியக் கனிமமான கயோலினைட்டின் எடையில் சுமார் 14 சதவீதம் வேதிப்பிணைப்பில் சிக்கிய நீர். ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரிக்குள் அது கழன்று போகிறது. அதுவரை பானையைத் தண்ணீரில் போட்டால் மறுபடி குழைந்து மண்ணாகும், அதன்பின் ஆகாது. "பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா?" என்று நம் பாட்டிமார் கேட்டது இந்த எல்லையைத்தான்.

தண்ணீர் போனபின் நிறத்தை முடிவு செய்வது காற்று. மண்ணிலுள்ள இரும்பு, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் சிவக்கும், பற்றாக்குறையானால் கறுக்கும். மின்சூளையில் காற்று இருப்பதால் சிவப்பு எளிது. எரிவாயுச் சூளையில் புகைபோக்கித் தடுப்பைக் கொஞ்சம் மூடினால், எரிய ஆக்சிஜன் போதாத தீ இரும்பிடமிருந்தே அதைப் பிடுங்கும். எங்கள் மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கறுத்தது, வெளிப்புறம் சிவந்தது என்பது பரவலான விளக்கம். இரண்டையும் ஒரே பானையில் நிறுத்திய கையை எண்ணினால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

எவ்வளவு சுட்டது போதும்? மீட்டர் வெப்பநிலையை மட்டும் காட்டும். மண் வெந்திருக்கிறதா என்பது எவ்வளவு நேரம் என்பதையும் பொறுத்தது. அதற்காகத்தான், போதிய சூடு ஏறியதும் இளகி வளையும் சிறு மண் கூம்புகளை உள்ளே வைக்கிறார்கள். 1886இல் ஜெர்மானியரான ஹெர்மன் செகர் உருவாக்கிய முறை இது. கூம்பு தலை சாய்ந்தால் சூடு போதும்.

தீயை அணைத்தாலும் கதவைத் திறக்க முடியாது. 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறும். ஏறும்போது சட்டென்று விரிந்தது, இறங்கும்போது சட்டென்று சுருங்கும். அங்கே குளிர்காற்று பட்டால் பானை பிளந்துவிடும். இரவு முழுக்க ஆறவிட்டு, கையால் தொடும் சூட்டுக்கு வந்தபின்தான் திறக்கிறார்கள்.