குளோரின் விழுவதற்கு முன் தண்ணீரில் என்ன இருந்தது?

தண்ணீர் சாம்பிள் கொண்டுவருபவர்கள் எங்கள் ஆய்வகத்தில் அடிக்கடி கேட்பது: “குளோரின் போட்டா கேன்சர் வருமாமே, நிறுத்திடலாமா?” தயவுசெய்து நிறுத்தாதீர்கள். காலரா, டைபாய்டு கிருமிகளை அது கொல்கிறது. ஆனாலும் அந்தப் பயத்துக்கு ஓர் அடிப்படை உண்டு.

1974-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் குடிநீர் நிலைய வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக், குளோரின் கலந்த தண்ணீரில், புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு உள்ளான குளோரோஃபார்ம் உருவாவதைக் காட்டினார். அமெரிக்க ஆய்வாளர்களும் அதே ஆண்டில் இதைச் சொன்னார்கள். அது வெறும் குளோரினிலிருந்து வருவதில்லை. இலைதழை மக்கித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஹியூமிக் பொருளோடு குளோரின் வினைபுரிவதால் வருகிறது.

மூலக்கூறுகளை உடைத்து, துண்டுகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இதைப் பார்க்க, முதலில் சாம்பிளை ஒழுங்காக எடுக்க வேண்டும். பாட்டிலில் ஒரு குமிழி காற்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் குளோரோஃபார்ம் அதில் ஆவியாகிவிடும். மிச்சக் குளோரினை அஸ்கார்பிக் அமிலம் போட்டு அடக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பாட்டிலுக்குள்ளேயே வினை ஓடிக்கொண்டிருக்கும். குழாயில் இருந்ததைவிடக் கூடுதல் அளவுதான் கிடைக்கும்.

கருவிக்குள் உடையும் குளோரோஃபார்ம் 83, 85 என்ற நிறைகளில் கோடுகளாகத் தெரியும். குளோரினுக்குப் பதில் புரோமின் அமைந்த புரோமோஃபார்ம் என்றால் 171, 173, 175. நடுக்கோடு மற்ற இரண்டைப் போல இரு மடங்கு உயரம். புரோமினின் இரு ஐசோடோப்புகளும் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) ஏறக்குறைய சமமாக இருப்பதால் வரும் கைரேகை இது. கடலோரக் கிணற்றில் உப்பு ஏறினால் புரோமைடும் கூடவே வரும். குளோரின் அதை இன்னும் வேகமாக வினைபுரியும் புரோமினாக மாற்றிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஹியூமிக் பொருளுக்கு மாதிரியாக ரிசார்சினால் என்ற எளிய கரிமச் சேர்மத்தை ஆய்வாளர்கள் எடுத்து, அதன் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளுக்கும் நடுவிலுள்ள கார்பனை மட்டும், சாதாரண கார்பனைவிட நிறை ஒன்று கூடிய கார்பன்-13 ஆக்கிவிட்டு, குளோரினோடு கலந்தார்கள். கிடைத்த குளோரோஃபார்மின் கோடுகள் 84, 86-க்கு நகர்ந்திருந்தால், அந்தக் கார்பன்தான் குளோரோஃபார்மாகக் கழன்று வருகிறது என்று பொருள். அப்படித்தான் நகர்ந்திருந்தன! எத்தனை மைக்ரோகிராம் என்பதோடு, எந்த அணுவிலிருந்து வந்தது என்றும் கருவி சொல்லிவிடுகிறது.

சரி, வீட்டுக்கு வருவோம். கிணற்றில் சருகும் சேறும் கிடக்கும்போது பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டுகிறார்கள். குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். கிருமிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வாசனை வரவில்லை என்று இன்னும் கொட்டுவார்கள், குளோரோஃபார்ம் போன்ற துணைப்பொருளும் கூடும். முதலில் சருகை அள்ளி, சேற்றை வாரி, தண்ணீர் தெளிந்த பிறகு பவுடர் போடுங்கள். இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 மிச்சக் குளோரின் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கச் சொல்கிறது. குளோரோஃபார்முக்கு உச்சவரம்பும் அதே 0.2 மில்லிகிராம்.

தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் குளோரோஃபார்ம் பெரும்பாலும் போய்விடும். அதன் கொதிநிலை 61 டிகிரிதான். குளோரின் அதே அழுக்கோடு வினைபுரிந்து உருவாக்கும் ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் என்ற இன்னொரு கூட்டம் அப்படி ஆவியாகாது. அவை உருவாகாமல் குறைக்க, பவுடருக்கு முன்னால் அந்தச் சருகை அள்ளியாக வேண்டும்.