கோட்டைக்குக் கூச்சமில்லை

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடிக் காட்டியது. ஆனாலும் கேமராவோடு ஊர் சுற்ற வருகிறவர்கள் முதலில் தேடுவது இந்த மூன்றைத்தான். அவை அலுத்ததும் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு என்று மருத்துவமனைப் பக்கம் திரும்புகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நான் இந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாணமும் பாஸ்போர்ட் படமும் சோறு போடுகின்றன. தெருவை எடுப்பது என் ஆசைக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டு இளைஞர்கள் என்னோடு நடக்க வருவார்கள். எல்லோரும் லென்ஸைப் பற்றிக் கேட்பார்கள். எதிரே நிற்கும் ஆளைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

கட்டடங்களை எடுப்பது எளிது. காலை ஆறரைக்குக் கோட்டைக்குக் கிழக்கே, அண்ணா சாலைப் பக்கம் நின்றால் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து மதில்மீது விழும். அகழி அசையாமல் கிடந்தால் கொத்தளம் அதில் தலைகீழாக நிற்கும். எட்டு மணிக்குமேல் கருங்கல் வெளிறிவிடும். வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால், முக்காலி வைக்க முன் அனுமதி வாங்க வேண்டும். லாங் பஜார் மணிக்கூண்டில் கடிகாரத்தை மட்டும் எடுத்துவிட்டு நகர்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று அதில் கல்லில் பொறித்திருக்கிறது. அதை எடுங்கள். கட்டடத்தைப் படம்பிடித்து வெளியிடுவது பதிப்புரிமையை மீறுவதாகாது என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. ட்ரோன் வைத்திருப்பவர்கள், அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் இருப்பதை மறக்காமல், பறக்கவிடும் முன் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பாபு ராவ் தெரு. 1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையகம்தான் இன்றைய சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதை நம்பி வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் இந்தச் சந்துகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள், வாடகைக்கு அடுப்பும் பாத்திரமும், மாடிக் கம்பிகளில் காயும் புடவைகள் என்று படக்காரனுக்குப் பார்க்குமிடமெல்லாம் விருந்து.

சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அந்த விருந்தில் கை வைத்தேன். லாட்ஜ் வராந்தாவில் தலையில் துணி கட்டிய ஒரு பெண்மணி, மடியில் மருத்துவக் கோப்போடு, சாய்வான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர் மாடியிலிருந்து எடுத்தேன். மூலையில் என் ஸ்டூடியோ பெயரைப் போட்டு முகநூலில் ஏற்றினேன். பாராட்டுகள் குவிந்தன. நான்காம் நாள் ஓர் இளைஞர் கடைக்கு வந்தார். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்திருந்தார். சத்தம் போடவில்லை. கைப்பேசியில் என் படத்தைத் திறந்து, இரண்டு விரலால் விரித்து, கோப்பின்மேல் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். அம்மாவின் பெயர், வயது, மருத்துவமனை எண், பிரிவின் பெயர் எல்லாம் படிக்கும்படி இருந்தன. தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்களாம். அம்மாவுக்கு என்ன நோய் என்பதை ஊரில் சொல்லியிருக்கவில்லையாம். உடனே நீக்கினேன். அதற்குள் பலர் பகிர்ந்திருந்தார்கள்.

என் கேமரா 24 மெகாபிக்சல். எடுக்கும்போது என் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைக்கூட அது எடுத்து வைத்துக்கொள்கிறது. இப்போது நல்ல கைப்பேசியே அந்த வேலையைச் செய்துவிடும். அதனால் ஏற்றும் முன் படத்தை முழு அளவில் விரித்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒருமுறை படித்துப் பாருங்கள். கோப்பு, ஸ்கேன் உறை, மருந்துச் சீட்டு, கையில் கட்டிய பட்டை, வண்டி எண் ஏதாவது தெரிந்தால் அதன்மேல் கறுப்புப் பட்டை போடுங்கள். லேசாக மங்கலாக்கினால் போதாது. எழுத்தைப் பல நேரம் ஊகித்துவிடலாம். கைப்பேசி படத்துக்குள் எழுதிவைக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

கூட்டம்தான் வேண்டும் என்றால் கேமராவைச் சுவரில் அழுத்தி, ஷட்டரைக் கால் நொடிக்கு இறக்குங்கள். கட்டடம் கூர்மையாக நிற்கும், நடப்பவர்கள் புகைபோல் கடப்பார்கள். உட்கார்ந்திருப்பவர் மட்டும் அப்படியே பதிவாகிவிடுவார். அவரிடம் போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டால் படம் இயல்பாக வராது என்று என் மாணவர் ஒருவர் வாதாடுவார். வராமல் போகட்டும்.

போன மாதம் அகழி ஓரத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் தாமாகவே வந்து தம்மையும் மனைவியையும் எடுக்கச் சொன்னார். ஊருக்கு அனுப்ப வேண்டுமாம். சுற்றுலா வந்ததாகச் சொல்லியிருக்கிறார்களாம். கோட்டையைப் பின்னால் வைத்து நிறுத்தினேன். அவருடைய இடது புறங்கையில் ஊசி செருகி, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நான் சொல்வதற்கு முன்பே மனைவி அந்தக் கையைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு இருவரும் சிரித்தார்கள்.