35 என்றால் எந்த 35?

புதுச்சேரி லாஸ்பேட்டையில், வீட்டு வாசலில் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காருக்கு நானே ஆயில் மாற்றினேன். பழைய ஆயில் வடிந்து முடிந்தது. ஆயில் தேங்கும் சம்ப்பின் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டுக் கையால் திருகிவிட்டு, கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சை எடுத்தேன். நாம் வைத்த அளவு இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர் அது. எவ்வளவு இறுக்க வேண்டும்? செல்போனில் ரிப்பேர் மேனுவல் பிடிஎஃப் கோப்பாக இருந்தது. போல்ட்டின் பெயரைத் தட்டித் தேடினேன். ஒரு வரி வந்தது: 35 35 255. முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு ரெஞ்சை 35-இல் வைத்து இழுத்தேன். 'டிக்' என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வருவதற்கு முன்பே கை இலேசாகிவிட்டது. மரை போய்விட்டது.

மறுநாள் நெல்லித்தோப்பிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன், சம்ப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நம்பர் சரிதான் சார். எந்த ஸ்கேல்ல வச்சீங்க?"

என் ரெஞ்சில் இரண்டு அளவுகோல் உண்டு. ஒன்று நியூட்டன் மீட்டர், மற்றொன்று பவுண்டு அடி. நான் வைத்தது பவுண்டு அடியில். 35 பவுண்டு அடி என்பது 47 நியூட்டன் மீட்டர். தேவையைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். அலுமினிய சம்ப்பு, பல கை பட்டுத் தேய்ந்திருந்த மரை, தாங்கவில்லை.

மேனுவலின் அந்தப் பக்கத்தைப் பிறகு நிதானமாகத் திறந்து பார்த்தேன். அட்டவணையில் மூன்று கட்டங்கள்: 35 நியூட்டன் மீட்டர், 3.5 கிலோகிராம் மீட்டர், 25.5 பவுண்டு அடி. மூன்றும் ஒரே இறுக்கம்தான், அலகுதான் வேறு. தேடலில் வந்த வரியில் தலைப்பும் இல்லை, தசமப் புள்ளிகளும் இல்லை. புள்ளிகள் இருந்திருந்தால் 'ஏன் மூன்று வேறு எண்கள்?' என்றாவது யோசித்திருப்பேன். அந்தப் புள்ளிகள் எங்கே போயின என்று தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரையே.

பிடிஎஃப் என்பதை நாம் புத்தகம் என்று நினைக்கிறோம். அடோபி நிறுவனம் 1993-இல் அதை வெளியிட்டபோது நோக்கம் வேறு: எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும் தாள் ஒரே மாதிரி தெரிய வேண்டும். 2008-இல் அது சர்வதேசத் தரமாகவும் ஆயிற்று. தாளின் தோற்றம்தான் அதற்கு முக்கியம், தாளில் இருக்கும் விஷயம் அன்று. கோப்பின் உள்ளே இருப்பவை ஏறக்குறைய இப்படிப்பட்ட கட்டளைகள்: 'இந்த எழுத்தை, இந்த எழுத்துருவில், இடது ஓரத்திலிருந்து இத்தனை புள்ளி, கீழ் ஓரத்திலிருந்து இத்தனை புள்ளி தள்ளி வை.' ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி. அட்டவணை என்று நாம் பார்ப்பது அங்கே சில கோடுகளும் சில எழுத்துகளும் மட்டுமே. இந்த 35 அந்தத் தலைப்புக்குக் கீழே வருகிறது என்ற உறவு நம் கண்ணில் பிறக்கிறது. புதிய கோப்புகள் சிலவற்றில் அந்த உறவையும் குறித்து வைக்கிறார்கள். பழைய கார் மேனுவல்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்கேன் செய்த மேனுவல் என்றால் நிலைமை இன்னும் மோசம். அங்கே எழுத்தே கிடையாது, படம்தான். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் படப்புள்ளிகள். கேட்க நிறையத்தான் தெரிகிறது. ஆனால் அட்டவணையின் பொடி எழுத்தில் ஒரு தசமப் புள்ளிக்குக் கிடைப்பது மூன்று நான்கு படப்புள்ளி அகலம். கோப்பைச் சிறிதாக்க 150-க்குக் குறைத்தால் இரண்டு. தாளின் அழுக்கை நீக்கும் மென்பொருளுக்கு அழுக்குக்கும் தசமப் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும்.

இந்தப் படத்தைத் தேடக்கூடியதாக ஆக்குவது ஓசிஆர் என்னும் எழுத்துணரி. அது படத்தைப் பார்த்து எழுத்துகளை ஊகித்து, அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தாக வைக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வரையாமல் இருக்கும் எழுத்து என்று ஒரு வகையே பிடிஎஃபில் உண்டு. நாம் பார்ப்பது படத்தை. தேடுபொறி தேடுவது மறைந்திருக்கும் எழுத்தை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் கோப்பில் படத்தில் 3.5 இருந்தது, மறைவில் 35 இருந்தது. இதைச் சோதிப்பது சுலபம். அட்டவணையின் ஒரு வரியை விரலால் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, குறிப்புச் செயலியில் ஒட்டிப் பாருங்கள். உங்கள் மேனுவல் எவ்வளவு நம்பிக்கைக்குரியது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பிரான்சில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ அனுப்பிய பிரெஞ்சு மேனுவலில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான்: 3,5. ஆயிரத்துக்குக் காற்புள்ளி போட்டுப் பழகிய நம் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

சரி, மறைந்த எழுத்தை நம்பாமல் படத்தை மட்டும் நம்பலாமா? பெரும்பாலும் நம்பலாம். முழுக்க நம்ப முடியாது என்பதற்கு 2013-இல் நடந்த ஒரு கதை உண்டு. டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்ததில் எண்கள் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு சோதித்த வேறு தாள்களில் 6 இருந்த இடத்தில் 8. கருவி ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்கேனர். நகல் எடுப்பதற்கே நாம் அந்தப் பெயரைத்தான் சொல்கிறோம் என்பதால் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. காரணம் அதன் சுருக்கும் முறை. ஒரே மாதிரி தெரியும் எழுத்துத் துண்டுகளை ஒரு முறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் எல்லாம் அதையே ஒட்டும். மங்கலான 6, 8-ஐப் போலத் தெரிந்தால் அங்கே அழகான, தெளிவான ஒரு 8 வந்து உட்காரும். மங்கலாக இருந்தாலாவது சந்தேகப்பட்டிருப்போம்.

என்னைக் கவிழ்த்த அந்த மூன்று எண்கள் காப்பாற்றவும் செய்யும் என்பது இங்கேதான் புரிந்தது. நியூட்டன் மீட்டரை ஏறக்குறைய 10-ஆல் வகுத்தால் கிலோகிராம் மீட்டர் வரும். கிலோகிராம் மீட்டரை 7.2-ஆல் பெருக்கினால் பவுண்டு அடி வரும். 35, 3.5, 25.5: கணக்கு நெருங்கி வருகிறது, எனவே அச்சும் ஸ்கேனும் சரி. 35, 3.5, 23.5 என்று இருந்தால் எங்கோ ஓர் எண் கெட்டிருக்கிறது. மேசையில் உட்கார்ந்து அட்டவணை எடுக்கும்போது இந்த ஒரு பெருக்கலைச் செய்துவிடுவது இப்போது என் வழக்கம்.

சேசிஸ் நம்பரில் இந்த ஆபத்தை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அந்த வரிசையில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதுதான் காரணம். ஆர்.சி. புத்தகத்தில் இருந்து அதை எழுதும்போது 'ஓ' என்று தோன்றினால் அது பூஜ்யமேதான்.

மேனுவலை இறக்கியதும் முதலில் அந்த நம்பரையும் இன்ஜின் வகையையும் பொருத்திப் பார்க்க வேண்டும். கார் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் என்னும் வண்டிப் புகை விதியின் 4-ஆம் கட்டம் நாடு முழுவதும் 2017 ஏப்ரலிலும், ஸ்டேஜ் 6 2020 ஏப்ரல் 1-இலும் வந்தன. ஒரே பெயரில் ஓடிய கார்களில் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியும் ஒயரிங்கும் இந்தத் தேதிகளை ஒட்டி மாறின. வெளிநாட்டு மேனுவல் என்றால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கலாம். ஆகவே கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கார், இன்ஜின், ஸ்டேஜ், ஆண்டு நான்கும் பெயரிலேயே இருக்கட்டும். அத்தியாயங்களுக்கு 01, 02 என்று பூஜ்யம் சேர்த்து எண் கொடுங்கள். எழுத்தெழுத்தாக அடுக்கும் கருவிகளில் 10-ஆம் அத்தியாயம் 2-க்கு முன்னால் போய் நிற்கும்.

இறக்கிய கோப்பு முழுதாக வந்ததா என்பதைக் கோப்பின் வால்தான் சொல்லும். பிடிஎஃபைத் திறக்கும் செயலி முதலில் கடைசிப் பகுதியைப் படிக்கிறது. எந்தப் பக்கம் கோப்பின் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற முகவரிப் பட்டியலுக்கு வழி அங்கேதான் இருக்கிறது. பாதி இறக்கத்தில் கரண்ட் போய் வைஃபை அறுந்தால், 600 பக்கம் வந்து சேர்ந்திருந்தாலும் முகவரிப் பட்டியல் வந்திருக்காது. பல செயலிகள் 'கோப்பு பழுது' என்று கைவிரித்துவிடும். சில செயலிகள் இருப்பதை வைத்து ஒப்பேற்றிக் காட்டும். அதுதான் மோசம், ஏனென்றால் பிரேக் அத்தியாயம் இல்லை என்பது பிரேக்கைக் கழற்றிய பிறகுதான் தெரியவரும். கடைசிப் பக்கம் வரை ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

பெயர் பிடிஎஃப் என்று இருந்தாலும் உள்ளே வேறு பண்டம் இருக்கலாம். விண்டோஸ் வழக்கமாகக் கோப்பு வகையைக் குறிக்கும் பின்னொட்டை மறைத்து வைக்கும். மேனுவல் என்று இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு மென்பொருள் ஓடத் தொடங்கும். செல்போனில் மேனுவல் கேட்ட இடத்தில், செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு வந்தால் அது மேனுவல் இல்லை, யோசிக்கவே வேண்டாம். உரிமையாளர் கையேட்டைப் பல கார் நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே இலவசமாகத் தருகின்றன. டயர் காற்று, ஃபியூஸ், ஆயில் அளவு போன்றவற்றுக்கு அதுவே போதும்.

நல்ல கோப்பு கையில் வந்ததும் அதன் ஷா-256 முத்திரையைக் கணினியில் எடுத்து எழுதி வைக்கிறேன். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் 64 எழுத்தில் அடங்கும் கைரேகை அது. உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் முத்திரை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பென் டிரைவுக்கு நகல் எடுத்தபின் இரண்டு முத்திரையும் ஒன்றா என்று பார்த்தால் போதும். 2011 தானே புயலையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த கடலூர், புதுச்சேரிக்காரர்களிடம் இரண்டாவது நகலை வேறு வீட்டில் வையுங்கள் என்று விளக்கத் தேவையில்லை.

இனி நான் செய்த இன்னொரு தவறு. பெரிய கோப்பு திறக்க நேரம் எடுக்கிறது என்று தேவையான பக்கங்களை மட்டும் வெட்டி எடுத்துத் தனித்தனிக் கோப்பாக வைத்திருந்தேன். வசதிதான். ஆனால் மேனுவலில் எச்சரிக்கைகள் பெரும்பாலும் அத்தியாயத்தின் முதல் பக்கங்களில் ஒருமுறைதான் இருக்கும், ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வராது. ஸ்டியரிங் வீலைக் கழற்றும் பக்கத்தில் நட்டின் அளவு இருக்கிறது. ஏர்பேக்குக்கு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பின்னும் வெடிக்க வைக்கும் அளவு மின்னூட்டம் கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திரு என்ற வரி பத்துப் பக்கம் முன்னால் இருக்கிறது. வெட்டும்போது அந்த வரி உதிர்ந்துவிட்டது. இப்போது எந்தப் பக்கத்தை வெட்டினாலும் அத்தியாயத்தின் எச்சரிக்கைப் பக்கத்தை முதல் பக்கமாகச் சேர்த்துவிடுகிறேன். வெட்டாமல் புக்மார்க் போட்டு வைப்பது இன்னும் நல்லது. மேனுவலில் அச்சிட்ட '6ஏ-23' என்ற பக்க எண்ணும், செயலி காட்டும் 412 என்ற எண்ணும் வேறு என்பதால் புக்மார்க் பெயரில் இரண்டையும் எழுதுகிறேன்.

எண் சரியாக வந்து சேர்ந்தாலும் போல்ட் அதைக் கேட்டுவிடுவதில்லை. போல்ட் ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது கொஞ்சம் நீளுகிறது, அந்த இழுப்புத்தான் பாகங்களைப் பிடித்து வைக்கிறது. ஆனால் நாம் கொடுக்கும் திருகு விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும். மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே 35-க்குப் போல்ட் அதிகமாக நீளும். கடற்காற்றில் துருப்பிடித்திருந்தால் உராய்வு கூடி, ரெஞ்ச் 'டிக்' என்று சொன்ன பிறகும் பிடிப்பு போதாமல் இருக்கும். தேவனாம்பட்டினம் கடற்கரை ஓரம் நிற்கும் வண்டியில் வீல் நட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே எடுத்து வைக்கும் குறிப்பில் எண்ணுக்குப் பக்கத்திலேயே 'மரை சுத்தமாக, உலர்ந்து' என்றோ, 'ஆயில் தடவி' என்றோ மேனுவல் சொன்னதையும் எழுத வேண்டும். சில ஹெட் போல்ட்டுகளை ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்றிருக்கும். அந்த வார்த்தை விட்டுப்போனால் எண் இருந்தும் பயனில்லை.

வண்டிக்குப் பக்கத்தில் செல்போன் ஒத்துவராது. வியர்வைத் துளி திரையில் விழுந்தால் விரல் பட்டதாக நினைத்துப் பக்கம் புரளும். வேலை செய்யும் பக்கத்தை மட்டும் அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்கிறேன். ஒயரிங் படத்தை மட்டும் கடையில் ஏ3-இல் எடுங்கள். ஏ3 படத்தை ஏ4-இல் அடித்தால் எழுத்து 71 சதவீதமாகச் சுருங்கும், ஒயர் நிறத்தைக் குறிக்கும் பொடி எழுத்தைப் படிக்கவே முடியாது.

சம்ப்பு லேத்தில் புது மரையோடு திரும்பி வந்த அன்று, அப்படி ஒரு தாளைத் தயார் செய்து அண்ணனிடம் நீட்டினேன். எச்சரிக்கை மேலே, மூன்று அலகும் கீழே, பெருக்கிச் சரிபார்த்தது. அவர் கையைக் காட்டன் வேஸ்ட்டில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார். பிறகு சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, கிலோகிராம் கட்டத்தையும் பவுண்டு கட்டத்தையும் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு அடித்தார்.

"சரிபார்க்கிற வேலை உங்க வீட்டு டேபிள்ல முடிஞ்சுது சார். வண்டிக்கு அடியில ஒண்ணுதான் இருக்கணும்."

அப்படியே என் ரெஞ்சை வாங்கி, பவுண்டு அளவுகோலின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டு, காருக்கு அடியில் படுத்தார்.