பலன்தீர்: சேண் நோக்கும் கல்

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கதைகளில் வரும் 'பலன்தீர்' என்ற கல்லைத் தமிழில் சொல்ல வந்தால் 'மாயக்கண்ணாடி', 'மந்திரப் பந்து' என்ற இரண்டும்தான் முதலில் வாயில் வரும். இரண்டுமே தவறான இடத்துக்குக் கூட்டிப் போகின்றன. கண்ணாடி என்றால் எதிரில் நிற்பவரைக் காட்டுவது. மந்திரப் பந்து என்றால் குறி சொல்கிறவர் முன்னால் வைத்துக்கொண்டு நாளை நடக்கப் போவதைச் சொல்லும் பளிங்கு உருண்டை. பலன்தீர் பார்ப்பவர் முகத்தையும் காட்டாது, எதிர்காலத்தையும் காட்டாது. அது என்ன செய்யும் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது.

பெயர் குவென்யா மொழியில் அமைந்தது. அவர் கதைகளில் வரும் சாவற்ற இனமான எல்ஃபுகளின் பழைய மொழியாக டோல்கீன் உருவாக்கியது அது. ஃபின்னிஷ் மொழியின் ஓசையில் மயங்கித்தான் அதை அவர் வளர்த்தார். அவர் தொழிலே சொல்லாராய்ச்சி. பேராசிரியர் ஆவதற்கு முன், 1919, 1920-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக டபிள்யூ எழுத்தில் தொடங்கும் சொற்களின் வேரைத் தேடிக்கொண்டிருந்தவர். மொழிகள்தான் முதலில் வந்தன, கதைகள் அந்த மொழிகளுக்கு ஓர் உலகம் தருவதற்காக எழுந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே அவர் வைத்த பெயரைப் பிரித்துப் பார்ப்பது வீண் வேலை இல்லை. அவர் எதிர்பார்த்த வாசிப்பே அதுதான்.

'பலன்' என்றால் தொலைவாக, நெடுகப் பரந்து என்று பொருள். 'திர்' என்பது வினைவேர்: உற்றுப் பார், கண் வைத்திரு, காவல் பார். இரண்டும் சேர்ந்து 'பலன்தீர்', தொலைவை நோக்குவது. பன்மை 'பலன்தீரி'. அதே 'திர்' வேர் மினாஸ் திரித் என்ற கோட்டை நகரின் பெயரிலும் இருக்கிறது. அதற்குக் காவல் கோபுரம் என்று பொருள். இந்தக் காவல் சாயலை மறக்கக் கூடாது. தமிழ்ச் சொல் தேடும்போது இதுதான் கை கொடுக்கும்.

எழுத்துப்பெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. 'பலந்தீர்' என்று எழுதினால் நம் நாக்கு தகரத்தை மெலிதாக்கிவிடும், மூலத்தில் அது வல்லோசை. 'பலன்தீர்' கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் தமிழ்க் கண்ணுக்கு அது 'பலன் தீர்ந்தது' என்று படும். தற்செயலான ஒற்றுமைதான், வேரோடு எந்தத் தொடர்பும் கிடையாது. எழுத்துப்பெயர்ப்போடு நிற்காமல் தமிழாக்கமும் வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. 2003-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு தரவு ஆய்வு நிறுவனம் இதே பெயரை வைத்துக்கொண்டதால், பெயரைக் கேட்டதும் பலருக்கு இன்று கல் நினைவுக்கு வருவதில்லை.

சரி, கல் எங்கிருந்து வந்தது? கதைப்படி, மேற்கே கடலுக்கு அப்பால் நோல்டோர் என்ற எல்ஃபுக் குலத்தார் செய்தவை இவை. அந்தக் குலத்தின் பெருங்கைவினைஞன் ஃபியனோரே செய்திருக்கலாம் என்று கதையின் மந்திரவாதி காண்டால்ஃப் சொல்கிறார். நூமெனோர் தீவில் இருந்த நட்புள்ள மனிதர்களுக்கு எல்ஃபுகள் அவற்றைப் பரிசாகத் தந்தார்கள். தீவு கடலில் மூழ்கியபோது அவர்களின் தலைவன் எலெண்டில் ஏழு கற்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தப்பி வந்தான். ஆர்னோர், கோண்டோர் என்ற இரண்டு அரசுகளிலும் அவை பிரித்து வைக்கப்பட்டன. இவ்வளவு அகன்ற நாட்டை ஆள, ஓர் ஊரில் இருந்துகொண்டே இன்னோர் ஊரோடு பேச ஒரு வழி வேண்டும். முதலில் இவை ஆட்சிக் கருவிகள்.

ஏழில் சில தப்பவில்லை. ஒஸ்கிலியத் நகரில் இருந்த தலைமைக் கல் உள்நாட்டுப் போரில் ஆற்றுக்குள் போனது. வடக்கே இரண்டு கற்கள் அவற்றைக் கொண்டுபோன அரசனோடும் கப்பலோடும் பனிக்கடலில் மூழ்கின. மினாஸ் இத்தில் விழுந்தபோது அங்கிருந்த கல் எதிரியான சௌரானின் கைக்குப் போனது. கதையின் துயரமெல்லாம் இந்த ஒரு கல்லால் வருகிறது.

வேலை செய்யும் விதத்தை டோல்கீன் ஒரு பொறியாளரைப் போல யோசித்து வைத்திருக்கிறார். அவர் மகன் கிறிஸ்டோபர் 1980-இல் வெளியிட்ட தொகுப்பில் இதற்கென்றே ஒரு கட்டுரை இருக்கிறது. கல் முழு உருண்டை. மிகச் சிறியது சுமார் ஓர் அடி விட்டம். பெரியவற்றை ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. சும்மா இருக்கையில் கரிய பளிங்கு போல இருக்கும். சிறிய கற்களுக்கு மேல், கீழ் உண்டு. சரியான நிலையில் வைத்தால்தான் பார்வை கிடைக்கும். மேற்கே பார்க்க வேண்டுமானால் கல்லுக்குக் கிழக்கே நிற்க வேண்டும். இடத்தை மாற்றினால் திசையும் மாறும்.

சுவரும் மலையும் அதன் பார்வையைத் தடுக்காது. ஆனால் இருட்டு தடுக்கும். மலைக்குள்ளே போய்ப் பார்க்கலாம், அங்கே விளக்கு இல்லையென்றால் ஒன்றும் தெரியாது. இந்த ஒரு விதியில் எவ்வளவு கதை இருக்கிறது! மறைக்க வேண்டியதை இருட்டில் வைத்தால் போதும். கல் தானாகக் காட்டுவது தூரத்துக் காட்சிகளை மட்டும் அல்ல, பழைய காலத்தையும்தான். ஃபியனோர் கை வேலை செய்வதையே காலத்தைக் கடந்து பார்க்க வேண்டும் என்று காண்டால்ஃப் ஏங்குகிற இடம் ஒன்று உண்டு. எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

இரண்டு கற்களின் முன் இரண்டு பேர் இருந்தால் பேச்சும் நடக்கும். ஆனால் கல் ஒலியைக் கடத்தாது. எண்ணம்தான் போய்ச் சேரும். பிப்பின் என்ற இளம் ஹாபிட் (கதையில் வரும் குள்ள இனத்தவன்) ராத்திரியில் திருட்டுத்தனமாகக் கல்லைப் பார்த்துவிட்டுச் சௌரானிடம் மாட்டிக்கொள்கிறான். பிறகு அவன் சொல்வது: காதில் விழும்படி எதுவும் பேசவில்லை, வெறுமனே பார்த்தான், எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணும் கண்ணும் நோக்கால் ஒத்துவிட்டால் வாய்ச்சொல்லால் ஒரு பயனும் இல்லை என்று குறிப்பறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் காதலர்களைச் சொன்னார். இங்கே அதே நோக்கு வேட்டையாகிவிடுகிறது. இரண்டு பேர் தொடர்பில் இருக்கையில் மூன்றாமவர் தன் கல்லைத் திறந்தால் வெறுமைதான். தலைமைக் கல்லுக்கு மட்டும் மற்றவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்கும் வசதி இருந்தது.

கல் பொய்யான காட்சியைத் தராது. இதுதான் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். சௌரானாலும் அதைப் பொய் காட்ட வைக்க முடியவில்லை. எதைப் பார்க்க விடுவது என்பதை மட்டும் அவன் தேர்ந்தெடுத்தான். கோண்டோரின் ஆட்சித் துணைவன் டெனத்தோர் கல்லில் கண்ட கரும்பாய்க் கப்பல்கள் உண்மை. அவற்றில் உதவிக்கு வருவது அரகோர்ன் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. அந்த உண்மையின் பாதியைப் பார்த்தே மனம் உடைந்து, கல்லை மார்பில் வைத்துக்கொண்டு தீயில் கிடந்தான். அதன் பிறகு அந்தக் கல்லைப் பார்த்தவர்களுக்கு, மிகுந்த மன உறுதி இல்லையென்றால், தீயில் கருகும் இரண்டு முதிய கைகள் மட்டுமே தெரிந்தன. மாறாக, எலெண்டிலின் வழித்தோன்றலான அரகோர்ன் கல்லைத் தன் விருப்பத்துக்குத் திருப்பிக்கொள்கிறான். உரிமையும் மன உறுதியும் உள்ளவர் எதன்மேல் மனம் வைக்கிறாரோ அதைக் கல் காட்டும்.

ஆக, தமிழில் என்ன சொல்வது? 'தொலைநோக்கி' என்றால் வானத்தைப் பார்க்கும் கருவி. 'தொலைநோக்கு' என்றால் இப்போது அரசுத் திட்ட அறிக்கைதான் நினைவுக்கு வருகிறது. 'தொலைக்காட்சி' வேர்ப்பொருளில் மிக நெருக்கம், ஆனால் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பதை ஒட்டி 'மைக்கல்' எனலாமா என்றால், அங்கே வேறொருவர் பார்த்து நமக்குச் சொல்வார், களவு போன நகையைக் கண்டுபிடிக்கும் வேலை அது. பொருந்தவில்லை.

வினையை முதலில் முடிவு செய்வோம். 'காண்' விரும்பாமலும் நடக்கும். வழியில் போகும்போது கண்டேன் என்கிறோம். 'பார்' பொதுச்சொல். 'நோக்கு' மனம் வைத்துப் பார்ப்பது, அதனால்தான் 'நோக்கம்' குறிக்கோளைச் சொல்கிறது. மன உறுதியால் இயங்கும் கல்லுக்கு நோக்கு அல்லாமல் வேறு வினை இல்லை.

தொலைவுக்கு எனக்குத் தோன்றும் சொல் 'சேண்'. சங்கத் தமிழ்ச் சொல். தூரம், உயரம், நெடுங்காலம் எல்லாம் அதற்குள் அடங்கும். கல்லும் இடத்தூரத்தோடு காலத்தூரத்தையும் பார்ப்பதுதானே? இன்னும் ஒரு பொருத்தம் இருக்கிறது. குறுந்தொகை 150-ஆம் பாட்டில் 'சேணோன்' வருகிறான். தினைப்புனத்துப் பரண்மேல் இரவுக் காவல் இருப்பவன், அவன் மூட்டிய கொள்ளி வானத்து மீன் போல அங்கங்கே மினுக்குகிறது. உயரத்தில் இருந்துகொண்டு தூரத்தைக் காவல் பார்ப்பவனுக்குத் தமிழ் சேணின் பெயரையே கொடுத்திருக்கிறது. 'திர்' வேரின் காவல் சாயல் இதற்குள் தானாகவே வந்துவிடுகிறது.

சேண் + நோக்கு = சேணோக்கு. தூண் + நன்று தூணன்று ஆவது போன்ற புணர்ச்சிதான். பொருளைக் குறிக்க 'சேணோக்குக் கல்', பன்மைக்கு 'சேணோக்குக் கற்கள்'. சேண் இன்று பேச்சில் இல்லையே என்று கேட்கலாம். கதையிலும் இது பழைய மொழிப் பெயர்தான். சாதாரண ஹாபிட்டுகளுக்கு விளக்கிச் சொன்னால்தான் புரிகிறது. அந்தப் பழமை தமிழிலும் தெரிய வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கான பதிப்பு என்றால் 'தூரம் பார்க்கும் கல்' என்று அவிழ்த்து எழுதிவிடலாம்.

தமிழாக்கம் சரிதானா என்று பார்க்க ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. நூமெனோர் அரசன் ஒருவனுக்கும் இதே பெயர், தார்-பலன்தீர். மாயக்கண்ணாடி என்று வைத்திருந்தால் அவனை என்னவென்று அழைப்பது? சேணோக்கன் என்றால் நிற்கிறது. முன்னோர் எல்ஃபுகளை விரட்டிவிட்ட பிறகு மனம் திரும்பியவன் அவன். மேற்குக் கரையில் பழைய அரசன் மினஸ்திர் கட்டிய கோபுரத்தில் ஏறி, ஒரு பாயாவது தெரியாதா என்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பான். மேற்கிலிருந்து கப்பல் எதுவும் வரவில்லை.